நூற்றுக்கு நூற்றிருபது

சேசு மரி சூசை துணை
பள்ளிவாசல்துறை
1939 தை, வியாழக்கிழமை

அன்பு மகள் டொறத்திக்கு,

உன் கடிதம் வந்த அன்று உன் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகு ஆகட்டும். நூற்றிருபது என்பது மார்க் இல்லை, பிழை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இயந்திரக் கணக்கில் உனக்கு நூற்றுக்கு நூற்றிருபது வந்தது என்ற இடம் வரைக்கும் வாசித்தேன், அதற்குள் அவர் அதை மார்க் என்று எண்ணி எழும்பிவிட்டார். கொழும்பு மடத்துப் பள்ளியில் சிஸ்டர் சிரித்ததையும், உங்கள் ஊர் எஞ்சினை இங்கே கொண்டு வா, துறைமுகத்தில் இனி நிலக்கரி இறக்க வேண்டாம் என்று அவர் சொன்னதையும், நீ கட்டிலில் கிடந்து அழுததையும் நான் அவர் எழும்பிப்போன வெறும் கதிரைக்குத்தான் வாசித்தேன். அப்பா கடற்கரையில் நின்று நிக்கொலஸ் மாமாவிடம் தொடங்கி வலை காயப்போட்டவர்கள் எல்லாருக்கும் சொல்லிமுடித்தார். சிலாபம் வழியாகக் கொழும்புக்கு மீன் லொறி ஓட்டும் அல்பேட்டும் அங்கே நின்றபடியால் சிலாபம் சந்தை வரைக்கும் உன் கீர்த்தி போய்விட்டது. திரும்பி வந்தவரிடம், நீ பௌதிகத்தை விட்டுவிட்டுத் தையல் வகுப்புக்கு மாற விரும்புகிறாய், மதர் அப்பாவின் சம்மதக் கடிதம் கேட்கிறார் என்ற மீதியை வாசித்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "நூறுக்கு மேல எடுத்தாச்சு. இனி அங்க படிக்க என்ன இருக்கு? தையலப் படிக்கட்டும்" என்றார். அவர் சொல்லச்சொல்ல அந்தச் சம்மதக் கடிதத்தை எழுதியது என் கைதான், கையெழுத்து மட்டும் அவருடையது. வாய் திறக்க நினைத்தேன். ஆனால் இந்த வீட்டுக்கு நான் வந்து நாலு வருஷம்தான், உனக்கும் எனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம், தகப்பனும் மகளும் ஒத்துப்போகிற காரியத்தில் சின்னம்மா குறுக்கே நிற்பதா என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்தக் கடிதம் இப்போது தேவமாதா படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. நாளைக்கு அல்பேட் வருவான். இதுவும் அதுவும் ஒரே லொறியில் புறப்படவேண்டியவை.

சர்வேசுரன் கிருபையால் இங்கே ஆளும் பூனையும் சுகம். உன் சுகத்தை உன் கடிதத்தில் தேடினேன், அழுகைதான் கிடைத்தது, ஆகையால் இந்தக் கிழமை முழுவதும் சமையலை ஒருபக்கம் வைத்து நீ எழுதியனுப்பிய கணக்கோடு குடியிருந்தேன். நீ விட்டுப்போன பழைய பௌதிகப் புத்தகம் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, அதை நான் வாசிப்பது உன் அப்பாவுக்கும் தெரியாது, நீயும் சொல்லாதே. முப்பது அடிக் கிணறு, பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது, ஊற்று நல்லபடியால் இறைக்க இறைக்க மட்டம் குறையாது, ஒரு குதிரைவலு எஞ்சின் நிமிஷத்துக்கு நூற்றுமுப்பத்திரண்டு கலன் இறைக்கிறது, போட்ட சக்தியில் எத்தனை பங்கு பலன் என்பதுதானே கேள்வி. நீ எழுதிய குதிரைவலு என்றால் என்ன என்று அப்பா கேட்டார், சொன்னேன். இந்தப் பக்கத்தில் குதிரை ஏது, புத்தளத்தில் கழுதைதானே, கழுதைக்கணக்கில் எவ்வளவு என்று கேட்டார். புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. கலனுக்குப் பத்து இறாத்தல் எடையாக நானும் பெருக்கினேன், எனக்கும் நூற்றிருபதுதான் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பிழை வந்தால் அது ஒருத்தியின் பிழை இல்லை, ஊர்ப் பிழையாக இருக்கவேண்டும் என்று அப்போதே எனக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை மிளகாய் வாங்கும் சாட்டில் எத்தாளைக்குப் போனேன். அபூசாலி நானா தோட்டத்துக்கு மண்ணெண்ணெய் எஞ்சின் வாங்கி, அதற்காக ஆழமான கிணறு ஒன்றும் வெட்டிச் சீமெந்து பூசியிருக்கிறார். எஞ்சின் ஓடும்போது நிலம் அதிர்கிறது, பக்கத்தில் போனால் முகம் சுடுகிறது, புகை தென்னை மட்டத்துக்கு எழும்புகிறது, தண்ணீர் மட்டும் குழாயில் வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறது. போட்ட எண்ணெய் எல்லாம் எங்கே போகிறது என்று அவர் மனைவி றஹ்மத் உம்மாவிடம் கேட்டேன். "எங்கட மனிசனப் போலத்தான் புள்ள. திங்கிறதெல்லாம் சத்தத்துக்குப் போவுது, வேலைக்கு மிஞ்சிறது கொஞ்சம்" என்றார். அபூசாலி நானா காதில் விழுந்ததோ என்னவோ, எஞ்சினும் அவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உன் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வது இதுதான், சக்தி அழிவதில்லை, சூடாகவும் சத்தமாகவும் வேடம் மாறிப்போகும், போட்டதைவிடக் கூடுதலாக ஒருநாளும் திரும்பி வராது. ஆகவே நூற்றிருபது வந்தால் எஞ்சினில் அதிசயம் இல்லை, நாம் எங்கோ கூடுதலாக எண்ணிவிட்டோம்.

எஞ்சின் நின்றபடியால் றஹ்மத் உம்மா வாளியும் கயிறும் எடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். மாரித் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. வேண்டுமென்றே வாளியை அடிவரைக்கும் தாழவிட்டேன். மேலே இழுக்கும்போது, டொறத்தி, வாளியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, காலி வாளி போல வந்தது. தண்ணீர் மட்டத்தை விட்டு வெளியே வந்ததும்தான் என் முழங்கை இழுபட்டது. தண்ணீருக்குள் தண்ணீரைத் தூக்குவது வேலையே இல்லை. அந்த இடத்திலேயே நின்று சிரித்துவிட்டேன், றஹ்மத் உம்மா எனக்கு வெயில் பிடித்துவிட்டது என்று இளநீர் வெட்டச் சொன்னார். நீ முப்பது அடியையும் பெருக்கியிருக்கிறாய், நானும்தான். ஏன் என்று யோசித்துப்பார். நம் வீட்டு மணற்கிணற்றில் தண்ணீர் அடியில் ஒரு சாண் ஊறி நிற்கும், வாளியைச் சரித்துத்தான் மொள்ளவேண்டும். கிணற்றின் ஆழமும் தண்ணீர் ஏறவேண்டிய தூரமும் நமக்கு ஒன்றேதான். பாதிக் கிணறு தண்ணீர் என்று வாசித்தும் நம் கை அடிவரைக்கும் போய்விட்டது. கொழும்பில் குழாயைத் திறக்கிறவளுக்கு இந்தப் பிழை வராது, அவளுக்குக் கிணறே தெரியாது. விடையை நான் எழுதமாட்டேன், நூற்றிருபதில் பாதி எவ்வளவு என்று உனக்குச் சொல்லவா வேண்டும். சிஸ்டருக்குக் கணக்கைத் திருத்திக் காட்டு, ஏன் பிழைத்தது என்பதையும் சொல். அவர் மறுபடி சிரித்தால் நீயும் கூடச் சிரி. தையல் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை, உன் மஞ்சள் சட்டைக்கு நீ வைத்த கை இரண்டும் இடதுகையாக இருந்ததை மட்டும் நினைவூட்டுகிறேன். இதை எழுதும்போதே எனக்குத் தைரியம் வந்துவிட்டது, விடிந்ததும் அப்பாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். பிறகு அவர் அந்தக் கடிதத்தை அனுப்பச் சொன்னால் அனுப்பத்தான் வேண்டும்.

தலைக்கு எண்ணெய் வை, பூசையில் தூங்காதே. அல்பேட்டிடம் ஒரு போத்தல் மாசிச் சம்பல் கொடுத்துவிடுகிறேன், மூடியை முற்றத்தில் வைத்துத் திற, போனமுறை போல மதர் மூக்கைப் பொத்திக்கொண்டு வரவேண்டாம். உன் புத்திக்கும் உடம்புக்கும் தேவமாதா காவல் நிற்கட்டும்.

உன்னில் அன்புள்ள சின்னம்மா,
கத்தரினா மரியநாயகம்

வெள்ளி காலை எழுதுவது: அப்பா தேத்தண்ணீர் குடிக்கும்போது சொன்னேன். நூற்றிருபது பிழை, மார்க் இல்லை என்றேன். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டோமே என்று கோபிப்பார் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அவளுக்கு இன்னும் படிக்க இருக்கு?" என்று கேட்டார். ஓம் என்றேன். தேவமாதா படத்துக்குப் பின்னால் இருந்த கடிதத்தை எடுத்து, முறுக்கி, அடுப்பில் நீட்டி, அதில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வள்ளத்துக்குப் போனார்.