மில்லுக்காக அடித்த கோல்

சித்தூர், 11-1-1969

மிஷன் பள்ளி மைதானத்தில் வேலூர் ஹாக்கி டீமை ஜெயித்தோம். இரண்டு கோலும் நான் போட்டது. ஆட்டம் முடிந்ததும் சென்னை மில் ஒன்றின் மேனேஜர் நாகபூஷணம் என்னைக் கூப்பிட்டார். "எங்க டீமுக்கு வந்துடு. மில்லுலயே வேலை போட்டுத் தர்றோம்."

எங்கள் கோல்கீப்பர் அசரியா, என் மனைவி தபீதாளின் அண்ணன். "இத்தினி நாளு ஊருக்கு ஆடின. இனிமே கூலிக்கு ஆடப் போறியா மாப்ள?" என்றார்.

13-1-1969

தபீதாளைக் கேட்டேன். அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "போங்க. போவலன்னா ஆயுசு பூரா என்னத்தான் சொல்லிக் காட்டிக்கினு இருப்பீங்க."

சென்னை, 2-8-1970

தோற்றோம். மில்லில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் மட்டை கைக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோகிறதே — ஏன்?

திருப்பதி, 21-2-1971

அரையிறுதி. எதிரில் சித்தூர். கடைசி நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்டி ஸ்ட்ரோக். நாகபூஷணம் என்னைக் கை காட்டினார். கோலில் அசரியா மச்சான். முதலில் என் கைக்கு வலப்பக்கம்தான் சாய்வார் என்று எனக்குத் தெரியும். இடப்பக்கம் தள்ளினேன். கோல்.

மச்சான் முகம் பார்க்காமலே கை கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். ஆட்டம் பார்க்க வந்திருந்த தபீதாள் கைதட்டவில்லை.

வெளியே தள்ளியிருக்கலாமோ? தள்ளியிருந்தால் அது என்ன ஆட்டம்?

சென்னை, 9-11-1973

இந்த முழங்காலோடு இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாகபூஷணம் சொன்னது ஒன்றுதான்: "ஆட்டத்துக்காகத்தானேப்பா வேலை குடுத்தோம்."

வேலையும் போச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கினு சித்தூரு போறது?

சித்தூர், 2-12-1973

ஸ்டேஷனில் மச்சான் நின்றிருந்தார். டிரங்குப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். அந்தக் கோலைப் பற்றி நானே பேச்சை எடுத்தேன்.

"வேணும்னே வெளிய அடிச்சிருந்தா, அன்னிக்கே உன் உறவ விட்டிருப்பேன்."

"அப்புறம் ஏன் மூணு வருசமா பேசல?"

"தோத்தவனுக்கு வயித்தெரிச்சல் இருக்காதா?" சிரித்துவிட்டார். "எனக்குக் கண்ணு மங்கிக்கினு வருது. நீ வந்து கோல்ல நில்லு."

"முட்டி?"

"கோல்ல நிக்கறவன் எங்க மாப்ள ஓடப் போறான்?"

பாகாலா, 19-1-1974

சித்தூரிலேயே ஒரு மரக்கடையில் வேலை கிடைத்து மூன்று வாரமாகிறது. இன்று முதல்முறையாகக் கோலில் நின்றேன். மூன்றை விட்டேன், ஒன்றைத் தடுத்தேன். தோற்றோம். தபீதாளுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

ஊர் திரும்பும் ரயிலில் என் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி, அந்தக் கட்டிய குரலிலேயே மச்சானைக் கேட்டாள்: "அடுத்த வாரம் யாரு கூட, அண்ணா?"