கணுக்காலில் கட்டிய உறை

அண்ணா,

உங்கள் உடுப்புகளை யாருக்காவது கொடுக்கலாமென்று அம்மாவும் நானும் இன்று மடித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு சோடி சொக்ஸிலும் ஒன்று மட்டும் கணுக்காலருகே நைந்திருந்தது. அம்மா அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சப்பாத்து கடிச்சிருக்குப் போல. பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை.”

“ஓம் அம்மா” என்றேன். நீங்கள் போன பிறகும் உங்களுக்காக ஓம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே நோர்வேயில், ட்வெய்ட்டாவில் நடந்த ஒரு சண்டையை நீங்கள் விலக்கப்போய், அடிபட்ட பெடியன்கள் உங்களையே தேடத் தொடங்கிய மாதத்தில்தான் இது தொடங்கியது. ஒருநாள் என் அறைக்குள் வந்து கதவைப் பூட்டினீர்கள். கையில் பிஸ்டலும் அதை உடம்பில் கட்டிக்கொள்ளும் மூன்று தோல் உறைகளும்.

“நீதானே சட்டை தைக்கிறனீ. உடுப்பு எப்பிடி விழும் எண்டு உனக்குத்தான் தெரியும். பார்த்துச் சொல்லு.”

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டிலிருந்து பிளவுஸ் தைப்பவள் நான். இடுப்பில் கட்டிக் குனிந்தீர்கள். “தெரியுது” என்றேன். அடுத்ததைக் கக்கத்தில் கட்டி, மேலே ஜாக்கெட்டைப் போட்டீர்கள்.

“ஜாக்கெட் கழட்டாமல் ஆரின்ரை வீட்டை போய் இருப்பியள்?”

எல்லாவற்றிலும் குறை சொன்னால் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டு மூன்றாவதை எடுத்தீர்கள். “அப்ப கால்தான். காற்சட்டையை ஆரும் கழட்டச் சொல்ல மாட்டினம்.”

ஹவுகெட்டோவில் மாமி வீட்டுப் பிறந்தநாளை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. கதிரை போதவில்லை. எல்லோரும் நிலத்தில் இருந்து சாப்பிட்டார்கள். நீங்கள் மட்டும் சுவரோடு நின்றீர்கள்.

“என்ன தம்பி, சப்பாணி கட்டி இருக்க மறந்துபோச்சோ? முழு நோர்வேக்காரன் ஆயிட்டீர்!” என்றார் மாமி. எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் நிலத்தில் இருந்தீர்கள். காற்சட்டை மேலே ஏறியது. உறையின் கறுப்புத் தோல் ஓரத்தை முதலில் கண்டது நான்தான். பக்கத்தில் வந்து இருந்து, என் சால்வையை உங்கள் காலின் மேல் விழவிட்டேன்.

“எழும்பிடாதை” என்றீர்கள், உதடு அசையாமல்.

பாயசம் வந்தது. கேக் வெட்டினார்கள். படமெடுக்கக் கூப்பிட்டார்கள். “அவள் கூச்சக்காரி, விடுங்கோ” என்று யாரோ சொன்னார்கள். நான் அசையவில்லை. கால் விறைத்து, பிறகு என்னுடைய கால் போலவே இல்லாமல் போனது.

அதற்குப் பிறகுதான் தூர வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் வேலைக்குப் போக முடிவெடுத்தீர்கள். “அங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியாது. இது வேண்டாம்.” விமானத்தில் கொண்டுபோக முடியாததை என் துணிப்பெட்டியின் அடியில் வைத்தீர்கள். “வந்து ஒரு வழி செய்யிறன்.”

அங்கே பனியில் வாகனம் வழுக்கிய வீதியிலிருந்து நீங்கள் திரும்பி வரவில்லை. அந்தப் பெட்டியோடு அது இன்னும் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அதன் மேல்தான் நித்திரை கொள்கிறேன். வெளியே சொன்னால், செத்தவீட்டில் “தங்கமான பிள்ளை” என்று அழுத அம்மாவுக்கு உங்களைப் பற்றி இன்னொன்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இந்த அறையை விட்டு நான் எங்கும் போக முடியாது.

பின்னேரம் அம்மா கேட்டார்: “உன்ரை துணிப்பெட்டியையும் ஒருக்கா ஒதுக்குவமே?”

“நான் ஒதுக்கிறன் அம்மா. நீங்கள் தேத்தண்ணி குடியுங்கோ.”

நோர்வேஜிய மொழியில் தொலைபேசியில் பேச எனக்கு எப்போதும் பயம். பள்ளிக்கூடத்தை விடுகிறேன் என்பதைக்கூட எனக்காக நீங்கள்தான் தொலைபேசியில் சொன்னீர்கள். இன்று அறைக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, காவல்துறையின் எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் குரல் கேட்டது. என் பெயரைச் சொன்னேன். பிறகு உங்கள் பெயரையும் சொன்னேன்.