மாலையில் வீட்டுக்குப் போகலாம்

ஜூன் 3, செவ்வாய்

மதியம் மறுபடியும் வலி. வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுவரை இழுத்தது. மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் ஆம்புலன்ஸ் டிரைவர் பார்த்துவிட்டார். "என்ன சிஸ்டர், முகமே சரியில்லையே?" புழுக்கம் என்றேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நாள் முழுக்கப் பித்தப்பைக் கல் நோயாளிகளோடு கிடக்கும் நர்சுக்கு இது என்ன வலி என்று தெரியாதா? தெரிந்ததால்தான் ஸ்கேன் எடுக்காமல் தள்ளிப்போட்டு வருகிறேன்.

ஜூன் 5, வியாழன்

கல்தான். பை நிறைய. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவ்வளவு சேர்த்து வச்சிருக்கீங்க, வீடு கட்டவா?" என்றார். திங்கட்கிழமை ஆபரேஷன்.

"ராத்திரி தங்கிடுங்க. உங்களுக்கு ஒரு கட்டில் கிடைக்காதா?"

முடியாது என்றேன். எங்கள் பகல் அறுவை வார்டு தொடங்கி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. காலையில் வந்து, சின்னத் துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்துக்கொண்டு, மாலையில் வீட்டுக்குப் போகலாம். அதற்கு முன்பு கட்டிலுக்கு இரண்டு பேர், தரையில் ஒருவர். கட்டில் இல்லாமல் வலியோடு திரும்பிப் போனவர்களுக்குக் கணக்கே இல்லை. இந்த வார்டுக்காகக் கண்காணிப்பாளர் அறை வாசலில் நான் தவம் கிடந்திருக்கிறேன். அவருக்கு இன்றைக்கும் அரை மனசுதான். "ஒருத்தர் சீரியஸா திரும்பி வந்தாலும் மூடிடுவேன்" என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். என் வார்டை நானே நம்பாமல் ராத்திரி தங்கினால் யார் நம்புவார்கள்?

ஜூன் 8, ஞாயிறு

என் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போயிருக்கிறார், வர நாளாகும். துணைக்கு அவர் தங்கையை வரச் சொன்னேன். என் நாத்தனாருக்கு நான் வைத்த பெயர் அலாரம். யாராவது தும்மினால் போதும், ஆஸ்பத்திரி போகலாமா என்பாள். வந்ததும் வராததுமாக, "அண்ணி, மயக்கம் தெளியாமப் போயிட்டா?" என்று கேட்டாள். உனக்கு நிம்மதி என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 9, திங்கள்

அறுவை அறைக் கூரையில் பெரிய ஈரக் கறை இருக்கிறது. இத்தனை பேரை அங்கே படுக்க வைத்திருக்கிறேன், இன்றுதான் பார்த்தேன்.

மாலையில் நடந்தேன், டீ குடித்தேன், வாந்தி இல்லை. எங்கள் வார்டில் அனுப்பும் முன் ஒரு பாடம் உண்டு. நோயாளியையும் கூட்டிப் போக வந்தவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, எது வந்தால் உடனே திரும்ப வேண்டும் என்று சொல்வோம். கூட வந்தவர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் கதவைத் திறப்போம். எனக்குப் பதிலாக வந்த நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்." நானும் சிரித்தேன். அலாரம் வெளியே வாசலில் பையோடு நின்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

தோள் வலி. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஊதிய வாயு. எல்லோருக்கும் வருவதுதான்.

ஜூன் 11, புதன்

இன்று தோளில் இல்லை, வயிற்றில். நேற்றைவிடக் கூடுதல். வாயு கீழே இறங்கியிருக்குமோ? இறங்குமா? இதையே ஒரு நோயாளி போனில் சொன்னால் என்ன சொல்வேன் — வேண்டாம், எழுத வேண்டாம்.

காய்ச்சல் இருக்கிறது. தெர்மாமீட்டரைத் தலையணைக்கு அடியில் ஒளித்தேன். அலாரம் நெற்றியைத் தொட வந்தாள், தட்டிவிட்டேன். "என்ன அண்ணி?" "ஒன்னும் இல்ல."

நான் திரும்பிப் போனால் வார்டு போச்சு. அடுத்த வாரப் பட்டியலில் இருப்பவர்கள் முகமெல்லாம் வருகிறது. பயமாக இருக்கிறது. எதற்கு அதிகம் பயம் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

வயிறு கல்லு மாதிரி — ஒன்னும் இல்ல, படுத்தா சரியாப்போயிடும் — ஏன் இப்படி குளிருது

ஜூன் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரிக் கட்டில். வயிற்றிலிருந்து ஒரு குழாய் தொங்குகிறது. கை இன்று கொஞ்சம் நிலையாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை அலாரம் என் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. அதுவே எனக்குப் புதுசு.

"அண்ணி, எனக்கு அங்க யாரும் ஒன்னும் சொல்லல. மத்தவங்க வீட்டு ஆளுங்களுக்கு என்ன சொல்லி அனுப்புவீங்க? அத எனக்கும் சொல்லுங்க."

தொலையட்டும் என்று ஆரம்பித்தேன். தினமும் சொல்வதுதானே, வாய் தானாகவே சொன்னது. "வலி நாளுக்கு நாள் குறையணும். கூடுச்சுன்னா, காய்ச்சல் வந்தா, வயிறு உப்புனா, கண்ணு மஞ்சளானா, விடியட்டும்னு பாக்காதீங்க. அந்த நிமிஷமே—"

அதற்கு மேல் வரவில்லை. என் வயிற்றின் மேல் இருந்த என் கையைப் பார்த்தேன். அலாரம் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டாள்.

பித்தப்பையை எடுத்த இடத்தில் குழாயை அடைக்கப் போட்ட கிளிப் நழுவி, பித்தநீர் உள்ளே கசிந்திருக்கிறது. அதே துளைகள் வழியாகத் திறந்து, கழுவி, மறுபடி அடைத்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அலாரத்தைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல், பயந்துட்டியா என்றேன்.

"நீங்க வச்ச பேர்தானே அண்ணி. அடிச்சா எழுந்திரிக்கணும்."

சிரித்தேன், தையல் வலித்தது. பிறகு அழுதேன்.

ஜூன் 24, செவ்வாய்

வார்டைப் பூட்டிவிட்டார்கள். என்னால்தான்.

கண்காணிப்பாளர் கட்டிலருகே வந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல சிஸ்டர்."

"ராத்திரி இங்கயே தங்கியிருந்தாலும் மறுநாள் காலைல நல்லாத்தான் சார் வீட்டுக்குப் போயிருப்பேன். கிளிப் அதுக்கப்புறந்தான் நழுவுச்சு. நர்சுதானேன்னு பாடத்த விட்டாங்க. நானும் வார்டுக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு வலிய மறைச்சேன். தப்பு அங்க சார், வார்டுல இல்ல."

அவர் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "முதல்ல உடம்பத் தேத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது சம்மதமா, மறுப்பா?

ஜூலை 14, திங்கள்

வார்டைத் திறந்தோம். மூன்று மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார் கண்காணிப்பாளர். என் கை இன்னும் அடிக்கடி வயிற்றுக்குப் போகிறது.

முதல் ஆள் நம் ஆம்புலன்ஸ் டிரைவர். அவருக்கும் கல். மாலையில் உடை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றார். "எத்தனை பேர ஏத்தி இறக்கியிருக்கேன், எனக்குத் தெரியாததா சிஸ்டர்?"

"தெரியும். உக்காருங்க. வீட்டுக்காரம்மாவ உள்ள கூப்பிடுங்க."

அந்த அம்மா ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். நான் கதவைத் திறக்கவில்லை. பாடத்தில் இப்போது கடைசியாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்.

"இவர் ஒன்னும் இல்லன்னு சொன்னா?"

அந்த அம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "நம்பக் கூடாது."

கதவைத் திறந்துவிட்டேன். நாளை காலை நிலைமை விசாரிக்கும் முதல் போன் அந்த அம்மாவுக்குத்தான்.