சுருக்கெழுத்துப் பயிற்சி: பதினேழாவது கேசட்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம். கப்பலில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் அடுத்த துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேசட் பத்திரமாக இருக்கிறது. நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு மேலே படியுங்கள். போன வாரம் நான்தான் மூன்று நாள் மூச்சு விடாமல் இருந்தேன்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. காலமான உங்கள் ராக் பாடகரின் மகள் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவாள், மேடைக்குப் பின்னால் நீங்கள் எடுத்த அவருடைய பேட்டியை அவளுக்குப் போட்டுக் காட்டு, 'சுருக்கெழுத்துப் பயிற்சி 17' என்று எழுதியிருக்கும் கேசட் அதுதான் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பெயர் போட்ட இருபது கேசட்டையும் ஒரு மாதத்துக்கு முன்பே மாடி வீட்டு டைப்பிங் வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்!

உங்களைப் போன்ற கேசட் பைத்தியங்கள் நாலு பேர் வந்து அலமாரியைத் துழாவுவார்கள், அரிய கேசட்டாகப் பார்த்து அமுக்கிக்கொண்டு போவார்கள். அதற்குப் பயந்து பொய்ப்பெயர் எழுதினீர்கள், சரி. கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்ஜின் ரூம்காரர் எப்போது சுருக்கெழுத்து படித்தார் என்று யோசிக்காமல் கொடுத்தது என் தப்பு. ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வோம்.

வாத்தியார் வெளியூர் போயிருந்தார். வியாழக்கிழமைதான் வந்தார். படியேறி ஓடினால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என்னம்மா, குடுத்ததுதான் குடுத்தீங்க, ஒண்ணாவது நல்லதா இருக்கக் கூடாதா? போட்டா ஒரே இரைச்சல். அழிச்சுட்டு என் பாடத்தைப் பதியலாம்னா பட்டன் உள்ள போக மாட்டேங்குது" என்றார். கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் எதையும் பதிவு செய்ய முடியாதாமே! நீங்கள் இருபதிலும் உடைத்திருக்கிறீர்கள். அவர் திட்டத் திட்ட எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அங்கேயே சிரித்துவிட்டு, இருபதையும் வாரிக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் அவர் என்னோடு பேசுவது சந்தேகம்தான்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளராம். சமையலறை மேசையில் வைத்துப் போட்டேன். அப்பா அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசும் இடத்தில் அழுவாள் என்று கைக்குட்டை தயாராக வைத்திருந்தேன். அழவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். நடுவில் அவர் யாரிடமோ, "அந்த ஃபேனை நிறுத்துப்பா, காது குளிருது" என்கிறாரே, அங்கேதான் உடைந்துபோனாள். பாடுகிற அப்பா எல்லாரிடமும் இருக்கிறார், வீட்டில் இருந்த அப்பா இவர்தான் என்றாள். அந்த இடத்தை ஆறு தடவை போட்டேன். ஒரு பிரதி எடுத்துத் தருவதாக நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். கோபிக்காதீர்கள்.

அவள் போன பிறகு ஒன்று நடந்தது. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பேட்டியில் கேள்வி கேட்கிறாரே, அந்த மாமா யார் என்று பாப்பா கேட்டாள். அப்பா என்றேன். அவள் நம்பவில்லை.

நம் அலமாரியில் அந்தப் பாடகருடைய குரல் நாற்பது மணி நேரம் இருக்கிறது. உங்களுடையது, "அப்புறம் சார்?" "அப்படியா சார்?" எல்லாம் சேர்த்தாலும் ஒரு நிமிடம் தேறாது. ஒரு கேசட் பதிந்து அனுப்புங்கள். பாட வேண்டாம், புத்திமதியும் வேண்டாம். மூக்குக்கண்ணாடியைத் தேடுங்கள், என்ஜினைத் திட்டுங்கள், சத்தமாகக் கொட்டாவி விடுங்கள், அது போதும். தபாலில் போட வசதிப்படாவிட்டால், நீங்களே கையில் கொண்டுவந்து கொடுத்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி