கோட்டையடிப் பூப்பந்துப் போட்டி

சென்னை,
10-1-1957

அன்புள்ள அலமேலுவுக்கு,

உன் கணவன் சொக்கநாதன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. ஆத்தாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. பொங்கலுக்கு வர முடியாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். திட்டிவிட்டு மேலே படி.

கடை கடையாய் நீலக்கொடி டீத்தூள் விற்றுக்கொண்டிருந்த என்னை விளம்பரப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் ஒரு பூப்பந்து ஆட்டம். போன மாதம் மயிலாப்பூரில் சாயங்காலம் முழுக்கச் சனம் நின்றுகொண்டே ஆட்டம் பார்த்ததைக் கண்டேன். அங்கே நம் டீயைப் போட்டுக் கொடுத்து, ஜெயிக்கிற அணிக்கு நம் பெயரில் ஒரு கோப்பையும் கொடுத்தால் என்ன என்று மானேஜர் ஏகாம்பரத்திடம் கேட்டேன். "டீ விக்க அனுப்புனா பந்து விளையாடப் போறேங்கிறியே" என்றார். ஆனாலும் ஒருமுறை விட்டுப் பார்த்தார். அடுத்த வாரமே அந்தப் பக்கத்துக் கடைகளில் சனங்கள் நீலக்கொடியைப் பேர் சொல்லிக் கேட்டார்களாம்.

இப்போது தெற்கே ஒரு போட்டி நடத்தச் சொல்கிறார்கள், மே மாதத்தில். நம் ராங்கியத்துக்குப் பக்கத்திலேயே, திருமயம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சாக்கிலாவது உன்னைப் பார்க்கலாமே. அங்கே அணி வைத்திருக்கும் டிரில் மாஸ்டர் ஆத்மநாதனை நம் வீட்டுக்கு வரச்சொல்லி, மைதானத்துக்கு என்ன வழி என்று கேட்டு எழுது.

அப்பச்சியிடம் விளம்பரம் என்று சொல்லாதே. ரங்கூன் கடையை விட்டுவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு எந்தப் புதுத் தொழில் மேலும், பெற்ற மகன் செய்தாலும், நம்பிக்கையில்லை. ஆபீஸ் வேலை என்று மட்டும் சொல். வீடு இன்னும் அமையவில்லை. கிடைத்ததும் உன்னை அழைத்துக்கொள்வேன்.

உன்
சொக்கநாதன்


ராங்கியம்,
9-2-1957

மரியாதைக்குரிய உங்களுக்கு அலமேலு வணக்கத்துடன் எழுதுவது.

திட்டிவிட்டுத்தான் படித்தேன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இந்த வாசலில் உங்களைவிடத் தபால்காரர் திருப்பதிதான் அதிகம் நின்றிருக்கிறார். அத்தைக்கு வலி குறைந்திருக்கிறது.

ஆத்மநாதன் மாஸ்டர் வந்தார். பள்ளிக்கூட மைதானம் ஒரு பக்கம் சரிவாம். கோட்டைக்குத் தெற்கே செம்மண் தரை தட்டையாக இருக்கிறதாம், அங்கே இரண்டு களம் போடலாம் என்கிறார். "ஆனா ஆச்சி, அறந்தாங்கிக்காரங்களும் திருவரங்குளத்துக்காரங்களும் எப்படி வந்து போவாங்க? அவங்க கையில பஸ்ஸுக்குக் குடுக்கக்கூட இருக்காதே" என்று கவலைப்பட்டார்.

எனக்குப் பஸ் முதலாளி வீட்டு சொர்ணவல்லி ஆச்சியின் நினைப்பு வந்தது. போனேன். நான் ஆச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை முதலாளி உள்கட்டிலிருந்து கேட்டுவிட்டு, "ஆட்டக்காரங்களை ஓசியில ஏத்திக்கிட்டு வந்தா எனக்கு என்னம்மா கெடைக்கும்?" என்றார்.

"அறந்தாங்கிக்காரங்க ஆடுனா, பாக்கிறதுக்கு அறந்தாங்கியே கெளம்பி வருமே அண்ணே! அவங்கல்லாம் டிக்கெட் எடுத்துத்தானே வருவாங்க? ஒங்க பஸ் பேரை எழுதி, வலைக்கு நேரா எல்லாரு கண்ணுலயும் படுற மாதிரி வச்சிர்றோம்" என்றேன். சிரித்தார். "பாப்போம்" என்றார். மறுநாள் காலையில் சரி என்று ஆள் விட்டிருந்தார்.

உங்கள் கம்பெனி நடத்துகிற போட்டியில் இன்னொருவர் பலகை வைக்கலாமா? கேட்காமல் சொல்லிவிட்டேன். விசாரித்து எழுதுங்கள்.

தங்கள்
அலமேலு


சென்னை,
2-3-1957

அன்புள்ள அலமேலு,

உன் கடிதத்தை ஆபீசிலேயே மூன்று முறை படித்தேன். பஸ் விஷயத்தை மானேஜரிடம் சொன்னபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தாராளமாகப் பலகை வைக்கலாமாம். வேறு டீ மட்டும் உள்ளே வரக்கூடாதாம். இனி எல்லாப் போட்டிக்கும் இப்படி உள்ளூர்க்காரர்களைக் கூட்டுச் சேர்க்க வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டார். எனக்கு மின்விசிறிக்குக் கீழே ஒரு மேஜை கிடைத்திருக்கிறது.

"ஊர்ல யாருய்யா ஒனக்கு இந்த யோசனையெல்லாம் சொல்றது?" என்று கேட்டார். "ஒருத்தர் இருக்காருங்க சார்" என்றேன். மனைவி என்று சொன்னால் ஆபீஸே சிரிக்கும். உனக்குப் புரியும்.

கோப்பை செய்யக் கொடுத்தாயிற்று. எத்தனை அணி சேர்ந்தது என்று எழுது.

உன்
சொக்கநாதன்


ராங்கியம்,
7-4-1957

உங்களுக்கு, ஊரில் இருக்கும் அந்த ஒருத்தர் எழுதுவது.

ஆபீஸில் சிரிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் இங்கே எல்லாரிடமும் "எங்க வீட்டுக்காரங்க சொன்னாங்க" என்று உங்களைச் சொல்லித்தான் வேலை வாங்குகிறேன். நீங்கள் சொல்லாததைக்கூட. இதற்கு மேல் இதைப்பற்றி எழுதமாட்டேன்.

எட்டு அணிகள் வருகின்றன. சோடாக்கடைக்காரர் பந்தல் போட்டுத் தருகிறார், அவர் பெயரும் இருக்க வேண்டுமாம். கோட்டைப் பாறையிலிருந்து மத்தியானம் காற்று திரும்புகிறது. கம்பளிப் பந்து களத்தில் நிற்காமல் ஓடுகிறது. அதனால் காலையிலும் சாயங்காலமும்தான் ஆட்டம்.

பெண்கள் உட்கார ஒரு பக்கம் தனியாக வேண்டும் என்று மாஸ்டரிடம் சொன்னேன். "பொம்பளைக யாரு ஆச்சி பந்து பாக்க வரப்போறா?" என்றார். "வீட்டுக்கு டீத்தூள் யாரு மாஸ்டர் வாங்கச் சொல்றா? ஆம்பளைகளா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு போனவர், மறுநாள் பந்தலை நீட்டிப் போடச் சொல்லிவிட்டார்.

ஊரில் எங்கே போனாலும் இதே பேச்சுதான். நீங்கள் எந்தத் தேதியில் வருகிறீர்கள்? அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

தங்கள்
அலமேலு


சென்னை,
6-5-1957

அன்புள்ள அலமேலு,

எப்படி எழுதுவதென்று தெரியாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கம்பெனி திருமயத்தைக் கைவிட்டுவிட்டது. கோயம்புத்தூரில் மில் அணிகள் ஏராளமாம், ஆயிரக்கணக்கான தொழிலாளிகளாம், கோப்பையை அங்கே கொண்டுபோகச் சொல்கிறார்கள். "எல்லாரும் தயாரா இருக்காங்க சார், ஊர் முழுக்கச் சொல்லியாச்சு" என்று வாதாடினேன். "திருமயத்துல எத்தனை பேர் டீ குடிக்கிறான், சொல்லு" என்றார் மானேஜர்.

இன்னொன்றும் இருக்கிறது. கோயம்புத்தூருக்கு என்னையே பொறுப்பாளராகப் போடுகிறார்கள். கம்பெனி வீடு தருகிறார்கள். முன்னால் தோட்டம், குழாய்த் தண்ணீர். நாம் இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானே? ஆனி மாதமே உன்னை அழைத்துப்போய்விடலாம்.

ஆத்மநாதனிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடு. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல். இப்போது நான் வருவதற்கில்லை. கோயம்புத்தூர் வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

உன்
சொக்கநாதன்


ராங்கியம்,
11-5-1957

உங்களுக்கு அலமேலு எழுதுவது.

மாஸ்டரிடம் நிறுத்தச் சொல்லவில்லை. கம்பெனி விலகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் களத்துக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சொர்ணவல்லி ஆச்சி வீட்டுக்கும் சோடாக்கடைக்கும் நானே நேரில் போய் உள்ளதைச் சொல்லி, கம்பெனி இல்லாமலே நடத்தலாமா என்று கேட்டேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் என் வாயால் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. பஸ் முதலாளி, "டீக் கம்பெனியை நம்பியா நான் சரின்னேன்? நீ வந்து கேட்டியேன்னுதான் சரின்னேன்" என்றார். வெளியே வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோப்பை இல்லையே என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய், தன் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். "கப்பு கப்புங்கிறியே, அதுல என்ன இருக்கு? இதைக் குடு. ஜெயிச்சவன் தண்ணியாவது மொண்டு குடிப்பான்" என்றார்கள்.

வீடு கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். தோட்டத்தில் என்ன செடி வைக்கலாம் என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். ஆனால் எட்டு ஊர்க்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து அந்தத் தோட்டத்துக்கு என்னால் தண்ணீர் ஊற்ற முடியாது. போட்டி முடியட்டும். பிறகு எழுதுகிறேன்.

அலமேலு


ராங்கியம்,
30-5-1957

உங்களுக்கு அலமேலு எழுதுவது.

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கோபமாக இருக்கலாம். இருந்தாலும் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கோட்டைப் பாறை மேலெல்லாம் தலை. பெண்கள் பந்தல் முதல் நாளே போதவில்லை. கடைசி ஆட்டம் அறந்தாங்கிக்கும் திருவரங்குளத்துக்கும். மூன்று செட்டில் முதலாவதை அறந்தாங்கி எடுத்தது. இரண்டாவதில் திருவரங்குளத்து செவந்தியப்பன் பின்வரிசையிலிருந்து அடித்த பந்தெல்லாம் வலையை உரசிக்கொண்டு விழுந்தன. மூன்றாவதில் பார்க்கவே முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். சனம் போட்ட சத்தத்தில்தான் திருவரங்குளம் ஜெயித்தது தெரிந்தது. உங்கள் அப்பச்சி முதல் வரிசையில் உட்கார்ந்து மூன்று நாளும் பார்த்தார்கள். வீட்டுக்கு வரும்போது, "நல்லா நடத்துனே ஆத்தா" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

திருச்சி சைக்கிள் கம்பெனி ஏஜெண்டு வெள்ளைச்சாமி என்பவர் வந்திருந்தார். "இதை நடத்துற மானேஜர் யாருங்க?" என்று மாஸ்டரைக் கேட்டாராம். "அந்தா, பொம்பளைக பக்கம் முன்னால நிக்கிறாங்களே, அவங்கதான்" என்று காட்டியிருக்கிறார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. அறந்தாங்கியிலும் புதுக்கோட்டையிலும் இதே மாதிரி நடத்திக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எனக்குச் செய்ய ஆசை. ஆனால் கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் எழுதவும், வெளியூர் போய்ப் பேசவும் ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்று நினைத்தால் நானும் அங்கே வந்துவிடுகிறேன். நான் குடும்பத்தைவிட இதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் முடிவை நீங்கள் யோசித்து எடுக்க வேண்டும், அவசரப்பட்டு அல்ல.

தங்கள்
அலமேலு


கோயம்புத்தூர்,
8-9-1957

என் அன்பு அலமேலுவுக்கு,

இந்த மூன்று மாதமும் நலம் விசாரித்து நாலு வரி போட்டேனே தவிர, நீ கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. கோபம் இல்லை. பயம். அப்பச்சி ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கியதைப் பார்த்தவன் நான். மாதச் சம்பளத்தை விடத் துணிச்சல் வரவில்லை.

இங்கே போட்டி நன்றாகத்தான் நடந்தது. மில் அணிகள், பெரிய கூட்டம். அடுத்த வருஷமும் உண்டு என்று எல்லாரிடமும் கைகொடுத்துச் சொன்னேன். போன வாரம் மானேஜர் வந்தார். இனி சேலமாம். "இங்க நிறுத்தியாச்சுன்னு எழுதிப்போட்ரு. நீதான் பக்குவமா எழுதுவியே" என்றார்.

பேனாவை எடுத்தேன். உனக்கு நான் எழுதிய அதே வாக்கியம் தானாக வந்தது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. அதற்கு மேல் ஓடவில்லை. எழுந்து போய், "திருமயத்துல போட்டியை நடத்துனது என் சம்சாரம் சார். இனிமே நான் அவங்களோட சேர்ந்து தொழில் செய்யப் போறேன்" என்றேன். ஆபீஸ் சிரிக்கத்தான் செய்தது. எனக்கு அப்போது அது பெரிதாகவே படவில்லை.

வீட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று. மில் அணிக்காரர்களிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். அவர்களே சேர்ந்து நடத்தலாம் என்கிறார்கள், வழி கேட்கிறார்கள். பதினைந்தாம் தேதி ராத்திரி ரயிலில் கிளம்புகிறேன். நேரே வீட்டுக்கு வந்துவிடுவேன். என்னைச் சேர்த்துக்கொள்வாயா?

உன்
சொக்கநாதன்


ராங்கியம்,
11-9-1957

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. அத்தையிடம் படித்துக் காட்டினேன். அப்பச்சி கேட்டும் கேட்காத மாதிரி எழுந்து போய், கொஞ்ச நேரத்தில் நீங்கள் எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று திரும்பி வந்து கேட்டார்கள்.

நேரே வீட்டுக்கு வராதீர்கள். காலையில் திருச்சியில் இறங்கியதும் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சைக்கிள் கம்பெனி வெள்ளைச்சாமி பத்து மணிக்கு ஆபீசில் இருப்பார். நீங்கள் வருவதாகத் தபால் போட்டுவிட்டேன். அறந்தாங்கிக்கு அவர் கோப்பை கொடுத்தால் போதும், மற்றதை நாம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டு, மூன்று வருஷத்துக்குக் குறைந்தால் ஒத்துக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு மத்தியான பஸ்ஸைப் பிடியுங்கள். நீங்கள் வந்த பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

உங்கள்
அலமேலு