எந்த இடத்தில்டா சிரித்தாய்?

எலவனாசூர்கோட்டை,
புதன்கிழமை.

அன்பு மகன் வெற்றிவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் மாடு கன்றோடு சுகமாக இருக்கிறோம், கத்தாரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தாவை வேண்டிக்கொள்கிறேன். கொல்லையில் மரவள்ளி பிடுங்குகிறார்கள், சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நல்ல சேதி அவ்வளவுதான். போனில் திட்டினால் சிக்னல் இல்லம்மா என்று கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் காகிதம். உட்கார்ந்து முழுசாகப் படி.

போன மாதம் குடும்ப குரூப்பில் ஒரு யூடியூப் சிரிப்புத் தொடரை அனுப்பினாயே, அதில் மருமகள் ஆபீசுக்குக் கிளம்புகிறாள், மாமியார் டிபன் பாக்ஸோடு பின்னாலேயே ஓடுகிறாள், மகன்காரன் குக்கர் எத்தனை விசில் என்று தெரியாமல் முழிக்கிறான். கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மை அஞ்சாறு போட்டு சூப்பர் பேமிலி என்று எழுதியவன் நீதானே? அதே கையால்தானே போன வாரம், எழில்மதி வேலையை விட்டால்தான் கல்யாணம் என்று உங்கப்பாவுக்கு மெசேஜ் போட்டாய்? அந்தத் தொடரில் எந்த இடத்தில்டா சிரித்தாய்? அந்தப் பெண் என்ன தப்புப் பண்ணினாள்? தியாகதுருகத்தில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, வெள்ளிமலை வரைக்கும் போய் மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வருகிறாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, "நீ தைரியமா வேலக்கிப் போம்மா, வூட்ட நான் பாத்துக்கறேன்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தவள் நான். என் வார்த்தைக்கு என்னடா மரியாதை? கேட்டால், "ஊருல இன்னா பேசுவாங்கம்மா" என்கிறாய். ஊரில் இருப்பது நாங்கள், கத்தாரில் இருக்கிற உனக்கு என்ன வந்தது?

உனக்கு ஒன்று தெரியாது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு அங்கன்வாடி வேலைக்கு ஆர்டர் வந்தது. அப்போது டிவியில் ஒரு சிரிப்பு நாடகம் ஓடியது. வேலைக்குப் போகிற மருமகள் சாம்பாரில் சர்க்கரையைக் கொட்டுவாள், பிள்ளையை மறந்துவிட்டு பஸ் ஏறுவாள். உன் தாத்தா என்னைப் பார்த்து, "பொம்பள வேலக்கிப் போனா குடும்பம் இப்டித்தான் ஆவும்" என்று சிரித்தார். உங்கப்பா சிரித்தார். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன்டா, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. வேலையில் சேர வேண்டிய தேதி அப்படியே தாண்டிப் போய்விட்டது. உன் தாத்தாவையாவது ஒருவகையில் ஒத்துக்கொள்ளலாம், அவர் எதைப் பார்த்துச் சிரித்தாரோ அதன்படிதான் நடந்தார். நீ படித்தவன், சிரிப்பது ஒன்று, செய்வது ஒன்று. உங்கப்பாவும் முதலில், "பையன் சொல்றதுலயும் நாயம் இருக்குது" என்று உன் பக்கம்தான் பேசினார். என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, இப்போது கொல்லையே கதி என்று கிடக்கிறார்.

மூடி மறைத்து ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவர எனக்கு மனசு வரவில்லை. நேற்று நானே தியாகதுருகம் போய் உன் மெசேஜை எழில்மதியிடம் காட்டிவிட்டேன். அவள் அழவில்லை. "அவருகிட்ட நானே பேசறேன் அத்த, ஒத்து வரலன்னா வுட்டுடலாங்க" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கூப்பிடுவாள், அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். மரியாதையாகப் பேசு. நீ வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் உனக்காக நான் ஒரு வார்த்தை பரிந்து பேச மாட்டேன். அவளுக்கு வேறு நல்ல மாப்பிள்ளையை நானே தேடிக் கொடுப்பேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயசு இருக்க வேண்டும், நல்ல புத்தியோடு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டால் போனை எடு.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் அம்மா
கோகிலவாணி