வாலு மேசையில் நிற்கும்போது

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வாலுவுக்கு முடி வெட்ட அந்த நாய் பார்லர் பெண் பத்து மணிக்கு வீட்டுக்கு வருவாள். மேசைமேல் ரப்பர் விரிப்பைப் போடச் சொல்லுங்கள். கால் வழுக்கினால் மிரண்டுவிடுவான். கழுத்தில் கயிறு மாட்ட விடாதீர்கள், குதித்தால் இறுக்கிவிடும். டிரையர் சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் உங்கள் கை ஒன்று அவன்மேல் இருக்கட்டும்.

போன வாரம் நான் கையை எடுத்ததால்தான் மேசையிலிருந்து விழுந்தான். தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. "அப்படி என்ன தலைபோற போன் உனக்கு?" என்று கத்திவிட்டு, அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வீட்டில் நான் பேசினால் காது கொடுப்பது வாலு ஒருவன்தான். அவனை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போவேனா?

அது உங்கள் போன். உங்களுக்கு வேலை மாறியபின் பகலில் நீங்களாக என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அதனால்தான் ஓடினேன். எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

பி.கு: ஆபீஸில் பதினோரு மணி இடைவேளையில் நான் கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள். அவனைக் கீழே இறக்கிவிட்டு, அப்புறம் நீங்களே கூப்பிடுங்கள். போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.